ஒரு நூல் கீழே

அத்தியாயம் 17

டெய்லரம்மா பதிமூன்று நாளாகக் கணவரிடம் கோபமாக இருந்தாள். சத்தம் போடுகிற கோபமாக இருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இது 'சாப்பிட வாங்க', 'சாவி ஆணியில இருக்கு', 'மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்குங்க' என்று வேண்டிய அளவு மட்டும் பேசுகிற கோபம். அளந்து வெட்டுகிற தொழில் அவளுடையது. கோபமும் அளவாகத்தான் வருகிறது, என்ன செய்ய.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் கணவர் சங்கீத விமர்சகர். நாளிதழ் ஒன்றில் இருபத்தேழு வருஷமாக, வியாழக்கிழமை தவறாமல், ஆறாம் பக்கத்தில் எழுதுகிறார். அவர் எழுதியதைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, கசக்கி எறிகிறவர்களும் உண்டு. படிக்காதவர்கள்தான் கிடையாது. அவளுடைய ஒரே தம்பி வயலின் வித்வான், பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவன். அத்தான் விமர்சகர், மச்சான் வித்வான் என்றால் எவ்வளவு சௌகரியம் என்று ஊர் நினைத்தது. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டால் அல்லவா தெரியும்.

தம்பி வாசித்த கச்சேரிகளுக்கெல்லாம் விமர்சகர் ஒரே வரிதான் எழுதுவார்: 'வயலின் பக்கபலமாக இருந்தது.' சொந்தக்காரனைப் புகழ்ந்தாலும் தப்பு, திட்டினாலும் தப்பு என்று கண்டுபிடித்த வழி அது. இருபது வருஷம் அதே வரி. ஆனால் சென்ற மாதக் கடைசியில் நடந்த ஒரு கச்சேரிக்கு வேறு மாதிரி எழுதினார்.

'வயலின் மாலை முழுவதும் ஒரு நூல் கீழேயே நின்றது.'

நூல் என்கிற வார்த்தை அவருடையது அல்ல. அவளுடைய வெட்டு மேசையிலிருந்து போனது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 'தோள்ல ஒரு நூல் இறக்கணும்', 'இடுப்புல ரெண்டு நூல் பிடிச்சிருக்கு' என்று அவள் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தை, தன் தம்பியின் சுருதியைக் குறை சொல்ல அச்சில் வந்து நின்றது.

பாட்டு உலகம் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தம்பிக்குப் பட்டப்பெயரே 'ஒரு நூல்' என்று ஆகிவிட்டது. "என்ன ஒரு நூல், சௌக்கியமா?" என்று மேடைக்குப் பின்னால் கேட்டார்கள். பன்னிரண்டு ஊர் சுற்றுப்பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போவதாக இருந்த பாடகர், 'கொஞ்சம் யோசிப்போம்' என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன் இரண்டு ஞாயிறாக வரவில்லை.

போன வாரம் நாம் வாசல் மணியில் விட்டோம். விமர்சகர் ஒரே மாதத்தில் இரண்டு தடவை அந்த மணியை மாற்றியிருந்தார். சுருதி இறங்கிப்போகிறதாம். மணி மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன், "சார், மணி அடிக்கத்தான் செய்யும், பாடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். டெய்லரம்மா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்வு நாற்காலியில் இடது கன்னத்தைச் சாய்த்துப் படுத்திருக்கும்போது மணி அடித்தால் முகம் சுளித்தார். வலது கன்னத்தைச் சாய்த்துப் படுத்திருக்கும்போது அடித்தால் பேசாமல் இருந்தார். நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் காது டாக்டரின் பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கினாள்.

"வாரம் மூணு கச்சேரி கேக்கற காது" என்றார் விமர்சகர். "எனக்கே காது குத்தறியா?"

"யாரும் குத்தல. டெஸ்ட்தான் பண்ணப் போறாங்க. கிளம்புங்க."

பதிமூன்று நாளில் அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதனாலேயே அவர் கிளம்பினார் என்று நினைக்கிறேன்.

* * *

பரிசோதனை அறை சின்னது. சுவர் முழுக்கக் கம்பளம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி. பரிசோதிக்கிற பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

விமர்சகர் கச்சேரியில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரத்தில் வலது கை தொடையில் தட்ட ஆரம்பித்தது.

"சார், தாளம் வேணாம். பட்டன் மட்டும் போதும்."

கால் மணி நேரத்தில் முடிந்தது. வயதுக்கு நன்றாகவே கேட்கிறது என்றாள் அந்தப் பெண். விமர்சகர் கூண்டுக்குள்ளிருந்தே மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பதிமூன்று நாள் கணக்கும் தீர்ந்துபோன திருப்தி இருந்தது.

டெய்லரம்மா எழுந்திருக்கவில்லை. "ஒரே சத்தம் ஒரு காதுல ஒரு மாதிரியும் இன்னொரு காதுல வேற மாதிரியும் கேக்குதான்னு பாக்க முடியுமாங்க?" என்றாள்.

அந்தப் பெண் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள். "சார், உங்களுக்கு அப்படிக் கேக்குதா?"

"எனக்கா? இல்லையே."

"பாத்துடலாம். சத்தம் குடுக்கறேன், அதே மாதிரி வாயால முனகிக் காட்டுங்க."

இடது காதில் ஒரு சத்தம் கொடுத்தாள். விமர்சகர் முனகினார். இனிமையான குரல் அவருக்கு. சின்ன வயதில் பாடியிருக்கிறார். பிறகு வலது காதில் கொடுத்தாள். முனகினார். முனகிய வாய் அப்படியே நின்றுவிட்டது.

டெய்லரம்மாவுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கல்யாணமான புதிதில் கச்சேரிக்குப் போய்த் தூங்கி, அவர் இடித்து எழுப்பியிருக்கிறார். ஆனால் இரண்டு துணியைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் எது குட்டை என்று அவளுக்குத் தெரியும். ஸ்பீக்கரில் வந்த இரண்டு முனகலில் இரண்டாவது குட்டையாக இருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் விமர்சகர்.

இன்னொரு தடவை கொடுத்தாள். அவர் ஐந்து தடவை கேட்டு வாங்கினார்.

"ஒரே சத்தம்தானே குடுக்கறீங்க?"

"ஒரே சத்தம்தான் சார். நீங்களே பாருங்க." கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

சிலருக்கு இப்படி வரும் என்று அந்தப் பெண் விளக்கினாள். பேச்சுக் குரலில் தெரியாது. சத்தம் மேலே போகப் போகத் தெரியும், அதுவும் வலது பக்கத்திலிருந்து வருகிற சத்தமாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாது, ஆறு மாதமாகவும் இருக்கலாம். மாத்திரை சாப்பிட்டால் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

கச்சேரி மேடையில் வயலின் எந்தப் பக்கம் உட்காரும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் தெரியும். பார்க்கிறவர்களுக்கு வலது பக்கம்.

"என்ன வேலை பாக்கறீங்க சார்?" என்று கேட்டாள், காகிதத்தில் நிரப்புவதற்காக.

விமர்சகர் தொண்டையைச் செருமினார். "பேப்பர்ல எழுதறேன்."

"அப்ப கவலையில்ல. எழுதற வேலைக்கு இதனால ஒரு இடைஞ்சலும் வராது" என்றாள் அவள், நல்ல மனதோடு.

* * *

பஸ்ஸில் திரும்பியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அவள் தையல் கடைக்கு வந்தார்கள். மாலைக்குள் கொடுக்க வேண்டிய கோட்டு ஒன்றுக்குக் காலர் பாக்கி இருந்தது. அவள் மெஷினில் உட்கார்ந்தாள். அவர் வெட்டு மேசைக்கு எதிரில், அளவு கொடுக்க வருகிறவர்களுக்கான ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசத்துல இருபத்தஞ்சுக்கு மேல எழுதியிருக்கேன்" என்றார். "மத்ததுல சுருதியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. இது ஒண்ணுலதான் சொன்னேன்."

அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன்தான் கேட்டான். போன வருஷம் நம்ம வீட்டுல உக்காந்துக்கிட்டு, பக்கபலம் பக்கபலம்னு இருபது வருஷமா எழுதறீங்களே அத்தான், நான் என்ன சுவரா, ஒரு வரி உண்மையா எழுதுங்கன்னான். உண்மைன்னு நினைச்சுத்தான் எழுதினேன்."

"தெரியும்."

"வேணும்னு எழுதல."

"அதுவும் தெரியும்" என்றாள். "வேணும்னு எழுதியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்."

நூல் அறுந்தது. அவள் ஊசியில் மறுபடி கோத்தாள். நிமிராமலே கேட்டாள், "இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யணும்ங்கறே?"

"நாளைக்கு வியாழக்கிழமை."

விமர்சகர் மேசை மேல் கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்டினார், விரித்தார். "எழுதினா இருபத்தேழு வருஷம் போச்சு. என் காது கெட்டுப்போச்சுன்னு நானே எழுதினப்புறம் எவன் என்னைப் படிப்பான்? சமையல்காரனுக்கு நாக்குப் போன மாதிரி. எழுதாம விட்டா, ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

"என் தம்பி மறப்பானா?"

அவர் டேப்பை மேசை மேல் வைத்தார்.

"பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவுக்கு முப்பத்தாறு சட்டை தெச்சேனே, ஞாபகம் இருக்கா" என்றாள். "எல்லாப் பிள்ளைக்கும் கை நீளமாப் போச்சு. அந்த டீச்சரம்மா, பிள்ளைங்க ஆடிக்கிட்டே அளவு குடுத்திருக்கும்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் டேப்பை இரும்பு ஸ்கேல்ல வெச்சுப் பாத்தேன். இழுபட்டுப்போச்சு. முப்பத்தாறையும் பிரிச்சுத் தெச்சுக் குடுத்தேன். டேப்தான் தப்புன்னு அந்தம்மாகிட்ட சொன்னேன்."

"அதனால உன் தொழில் போகலையே."

"போகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா சொன்னேன்?"

சொல்லிவிட்டு அவள் காலரைத் திருப்பிப் பிடித்து மெஷினை ஓட்டினாள். இந்த மனிதருக்கு அந்த ஆறாம் பக்கத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பாங்க் பாரத்தை நிரப்பக்கூட அவளைத்தான் கூப்பிடுவார். அந்தப் பத்தியும் போய்விட்டால் காலையில் எழுந்து என்ன செய்வார் என்று நினைத்தாள். தம்பியின் முகத்தையும் நினைத்தாள். மெஷின் சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

விமர்சகருக்கு ஒரு பழக்கம். எதையும் முதலில் அவள் மேசைக்கடியில் கிடக்கும் பழுப்புத்தாளில்தான் எழுதுவார். அவள் அளவு வரைந்து வெட்டிய மிச்சம். கைப்பட்டை மாதிரி வளைந்த துண்டு ஒன்றை எடுத்து, அவள் துணியில் கோடு போடுகிற பென்சிலாலேயே எழுதினார். ஆறு வரிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு அவளிடம் நீட்டினார்.

'சென்ற மாதக் கச்சேரி ஒன்றில் வயலின் ஒரு நூல் கீழே நின்றதாக எழுதியிருந்தேன். என் வலது காது மேல் சுரங்களை உள்ளதைவிடத் தாழ்வாகக் கேட்கிறது என்பது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. பழுது என் காதில்தான், வயலினில் இல்லை. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். வித்வானிடமும் வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தப் பகுதி இத்துடன் நிற்கிறது.'

அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இதை நான் கேக்கலையே."

"அது நானா வெட்டிக்கிட்டது" என்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். "பாடகருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். பேப்பர் வந்துதான் தெரியணும்னு இல்ல."

வாசல் வரை போனவரை அவள் கூப்பிட்டாள். "சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க. சேந்து சாப்பிடலாம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அழுதது கோட்டில் படாமல் பார்த்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் போன் செய்தார். ஆசிரியர் அரை மணி நேரம் சண்டை போட்டாராம். 'உங்க காதை யார் கேட்டா, உங்க எழுத்துதானே வேணும்' என்றாராம். கடைசியில் ஒப்புக்கொண்டு, ஆறாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடச் சொல்லிவிட்டார். ஐந்தரைக்குப் பக்கம் முடியும். புரூஃப் பார்த்துவிட்டு வருவேன் என்றார்.

"பதிமூணு நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் என்கிட்ட பேசியிருக்கே" என்றார்.

"தினம் பேசிக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அதுக்குப் பேரு பேச்சா?" என்று சொல்லி அவர் சிரித்தார். நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது.

* * *

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தம்பி வந்தான்.

வயலின் பெட்டியை வெட்டு மேசை மேல் வைத்தான். இரண்டு வாரத்தில் இளைத்திருந்தான். டெய்லரம்மாவுக்கு அவனைப் பார்த்ததும் கோபம் வந்தது, பாசம் வந்தது, டீ போட வேண்டும் என்றும் வந்தது. டீயைத்தான் முதலில் போட்டாள்.

"பாடகர் போன் பண்ணாரு" என்றான். "அத்தான் அவருகிட்டப் பேசியிருக்காரு. என் காதுதான் தப்பு, உங்க வயலின் சரின்னு. பன்னெண்டு ஊருக்கும் நான்தான் வரணும்னு சொல்லிட்டாரு. அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பறோம்."

"அப்பாடா" என்றாள் அவள். "இதைச் சொல்ல வந்தவன் மூஞ்சியை ஏன்டா இப்படித் தூக்கி வெச்சிருக்கே?"

அவன் டீயை வாங்கினான். வலது கையால் வாங்கி, இடது கைக்கு மாற்றப்போய், மறுபடி வலது கைக்கே மாற்றிக்கொண்டான். முப்பது வருஷமாக மனிதர்களின் கையையும் தோளையும் பார்த்துத் தொழில் செய்கிறவள் அவள். பார்த்துவிட்டாள்.

"அத்தானுக்கு நிஜமாவே காது போயிடுச்சா?" என்று கேட்டான்.

"ஒரு காது. நான் கண்ணால பாத்தேன்."

"நான்தான் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றான். "அத்தானுக்குக் காது கேக்கறதில்லன்னு ரெண்டு வாரமா எல்லார்கிட்டயும் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது நிஜமாயிருக்கும்னு தெரியாது."

"கோபத்துல சொன்னே. விடு."

"கோபம் ஏன் வந்துச்சுன்னு தெரியுமா?"

அவன் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இடது கை மேசை மேல் கிடந்தது. வயலினின் தந்தியை அழுத்துகிற கை. டெய்லரம்மா ஊசி மெத்தையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். அவன் ஆள்காட்டி விரல் நுனியில் மெதுவாக வைத்து, பிறகு கொஞ்சம் அழுத்தினாள்.

அவன் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி."

"ம்?"

"குத்தியிருக்கேன்டா."

அவன் திரும்பி விரலைப் பார்த்தான். நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"நாலு மாசமாச்சு" என்றான். "நுனி மரத்துப்போகுது. கீழ் சுரத்துல சமாளிச்சுடறேன். மேல போறப்ப விரல் எங்க நிக்குதுன்னு தெரியறதில்ல. அன்னிக்கு மாலை பூரா அப்படித்தான். கொஞ்சம் கீழதான் நின்னேன். எனக்குத் தெரியும். பாடகருக்குத் தெரியல, மத்தவங்களுக்கும் தெரியல. தப்பிச்சேன்னு நினைச்சேன். வியாழக்கிழமை பேப்பரைப் பிரிச்சா, அத்தான் எழுதியிருக்காரு."

டெய்லரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவரு எழுதினது சரி. அச்சுப்போல சரி. ஒரு நூல்தான் கீழ நின்னேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து பத்து.

"இதை ஏன்டா இப்ப சொல்றே?" என்றாள். "நாளைக்குப் பேப்பர்ல மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துட்டாருடா. இனி எழுத மாட்டேன்னும் எழுதியிருக்காரு. நான்தான் எழுத வெச்சேன்."

"வரட்டும்" என்றான் தம்பி. கீழே பார்த்துக்கொண்டு வேகமாகப் பேசினான். "காது போனது பொய்யில்லையே. அதைத்தானே எழுதியிருக்காரு. எனக்கு இந்த விரல் மருந்துல சரியாயிடும்ங்கறாங்க. சரியாகற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அதோட முடிஞ்சுது, ஒருத்தன் கூப்பிட மாட்டான். அக்கா, உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். காதும் காதும் வெச்ச மாதிரி இருந்துடு."

சொல்லிவிட்டுப் பின்பக்கக் குழாயில் முகம் கழுவப் போனான்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. டெய்லரம்மா குண்டூசியை மெத்தையில் செருகினாள். தம்பி சொல்வது நியாயமாகக்கூட இருந்தது. காது பழுது என்பது உண்மை, அதைத்தான் ஊர் படிக்கும். சுற்றுப்பயணம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவான், யாருக்கும் தெரியாது. இவளுக்கு மட்டும் தெரியும். தினமும் அந்த மனிதருக்குத் தட்டு வைக்கும்போது, 'நீங்க கேட்டது சரி' என்பதை மென்று விழுங்கிக்கொண்டு தட்டு வைக்க வேண்டும். பதிமூன்று நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததே அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

போனை எடுத்தாள்.

"பக்கம் போயிடுச்சா?"

"இன்னும் இல்ல. புரூஃப் கையில இருக்கு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் கையில் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

"தம்பி இங்க இருக்கான். அன்னிக்கு அவன் கீழதான் வாசிச்சானாம். விரல் மரத்துப்போயிருக்கு, நாலு மாசமா. இப்பதான் சொன்னான். நீங்க எழுதினது சரிங்க."

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீசில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் மட்டும் வந்தது. அவர் சந்தோஷப்படுவாரா, கத்துவாரா, பக்கத்தை நிறுத்தச் சொல்லி ஓடுவாரா என்று அவள் காத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் செய்தும் அவளால் ஊகிக்க முடியவில்லை.

"எந்த விரல்?" என்றார் விமர்சகர்.

"என்ன?"

"எந்த விரலும்மா? இடது கையில?"

"ஆள்காட்டி விரல்."

"ஐயோ" என்றார். நிஜமாகவே அடிபட்டவர் மாதிரி சொன்னார். "அதுதானே அவன் வாசிப்பே. டாக்டரைப் பாத்தானா? யாரைப் பாத்தான்? சாப்பிட்டானா முதல்ல?"

டெய்லரம்மா போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கித் தம்பியைப் பார்த்தாள்.

தம்பி மேசை வரை வந்திருந்தான். "என்ன சொல்றாரு?" என்று மெல்லக் கேட்டான். "பக்கத்தை நிறுத்தறாரா?"

"எந்த விரல்னு கேக்கறாரு" என்றாள். "சாப்பிட்டியான்னு கேக்கறாரு."

தம்பி நின்றபடியே நின்றான்.

போனில் விமர்சகர் பேசிக்கொண்டிருந்தார். "இதோ பார், எனக்கு ஒண்ணும் புரியல. இதை இப்படியே விட்டா பொய். வயலின்ல பழுது இல்லன்னு இருக்கு. எடுத்துட்டா, அவனை நானே ரெண்டாவது தடவை அடிச்ச மாதிரி. என்ன போடறதுன்னு தெரியல. கட்டம் காலியாப் போக முடியாது, பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவளுக்கும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

தம்பி கையை நீட்டினான். "அக்கா, குடு."

அவள் கொடுத்தாள். அவன் போனைக் காதில் வைத்து, கண்ணை இறுக மூடித் திறந்தான்.

"அத்தான்" என்றான். "பென்சில் இருக்கா? நான் சொல்றேன், என் பேரைப் போட்டு எழுதிக்குங்க."